ஏழு தடவை வந்த காய்ச்சல்

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன். மற்றபடி பேசினது பேசினபடி.)

இன்னைக்கு எபிசோட் ஒரு எண்ணிலிருந்து தொடங்குது. அந்த எண் 7.

எங்க தாத்தா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்: "எனக்கு முறைக்காய்ச்சல் ஏழு தடவை வந்துச்சுடா தம்பி. எட்டாவது தடவை என் பக்கமே எட்டிப் பாக்கல. நம்ம ரத்தம் அதுக்குப் பழகிடுச்சு." நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்க குவார்ட்டர்ஸ் வாசலில், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்தக் கதை கண்டிப்பாக வரும். தாத்தா பிறந்தது 1934, பட்டுக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமம். 1958இல் சுரங்கத்தில் மண் அள்ளும் வேலைக்கு நெய்வேலி வந்தவர். அப்புறம் அப்பாவுக்கும் அதே சுரங்கம். நான் மட்டும் இன்ஜினியரிங் முடிச்சுட்டுச் சென்னைக்கு ஓடி வந்துட்டேன்.

தாத்தா சொல்ற "நம்ம ரத்தம்"ல நானும் உண்டுன்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். இரண்டு வருஷம் முன்னாடி சென்னையில் ஒரு நாள் மாலை நல்ல குளிர், அப்புறம் காய்ச்சல், அப்புறம் வேர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே கதை. நாலு நாள் பாராசிட்டமால் போட்டுட்டு ஸ்பிரிண்ட் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அஞ்சாவது நாள் ரத்தப் பரிசோதனையில் வந்தது: பிளாஸ்மோடியம் விவாக்ஸ், மலேரியா. மூணு நாள் குளோரோகுயின், பதினாலு நாள் பிரைமாகுயின் கொடுத்தாங்க. அஞ்சாவது நாள் உடம்பு தெம்பாகிடுச்சு, மிச்ச மாத்திரையை மேஜை டிராயரில் போட்டுட்டேன். தப்பு முழுக்க என்னோடது. இரண்டு மாசம் கழிச்சு மறுபடி அதே குளிர்.

டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இது பழைய கிருமியா, புதுக் கிருமியா?" அவர் சிரிச்சுட்டு, "ரெண்டுக்கும் மாத்திரை ஒண்ணுதான், இந்தத் தடவையாவது ஒழுங்கா முடிங்க"ன்னார். முடிச்சேன். ஆனா கேள்வி போகலை. ஒருமுறை அம்மை வந்தவங்களுக்கு மறுபடி பெரும்பாலும் வர்றதில்லை. மலேரியா மட்டும் ஏன் ஏழு தடவை வருது? ஏழு தடவைக்கு அப்புறம் ஏன் நிக்குது? இதைத் தேடப் போனப்போ கதை பட்டுக்கோட்டையில் ஆரம்பிச்சு, இலங்கை, குன்னூர், கல்கத்தா, மாலி எல்லாம் சுத்திட்டு, புனேவில் வந்து நின்னது.

புது ஆறு கொண்டுவந்தது

தாத்தா பிறந்த 1934ஆம் வருஷம்தான் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அதே திட்டத்தில் கல்லணையிலிருந்து புதிதாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அதை இன்றும் "புது ஆறு" என்றுதான் சொல்வார்கள். மானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டைப் பக்கம் முதன்முறையாகக் காவிரித் தண்ணீரைப் பார்த்தது. நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது.

கால்வாய்க்கு மண் எடுத்த பள்ளங்களிலும், கசிந்து தேங்கிய இடங்களிலும், புதிதாக நட்ட வயல்களிலும் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு பெருகியது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் பட்டுக்கோட்டை வட்டத்தில் வேலை செய்தார். அவரும் எம்.கே. மேனன், டி. ராமச்சந்திர ராவ் ஆகியோரும் சேர்ந்து பட்டுக்கோட்டையின் மலேரியாவைப் பற்றி 1938இல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தெரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த வட்டாரத்தில், அந்த வருஷம், தாத்தா நாலு வயசுப் பையன்.

பால் ரஸ்ஸல், இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள்

அதே 1934இல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஒரு பேரழிவு. வழக்கமாக நல்ல மழை பெறும் தென்மேற்குப் பகுதியில் அந்த வருடம் பருவமழை பொய்த்தது. மகா ஓயா மாதிரியான ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. பட்டுக்கோட்டையில் இருந்த அதே குலிசிஃபேசிஸ் கொசு அந்தக் குட்டைகளில் பெருகியது. 1934 கடைசியிலிருந்து 1935 நடுவரைக்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அனுராதபுரம் மாதிரியான வறண்ட பகுதிகளில் மலேரியா வருஷா வருஷம் இருந்தது. அங்கே பெரியவர்கள் இந்தத் தடவை அந்த அளவுக்குச் சாகவில்லை. கொத்துக் கொத்தாகச் செத்தது கேகாலை மாதிரி, மலேரியாவுக்கு அதிகம் பழக்கமில்லாத ஈரப் பகுதி மக்கள். அப்படியென்றால் தாத்தா சொன்ன "பழகிடுச்சு" முழுக்கப் பொய் இல்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட உடம்பு எதையோ கற்றுக்கொள்கிறது. ஆனால் மெதுவாகக் கற்றுக்கொள்கிறது. அப்படி எதைக் கற்றுக்கொள்கிறது?

சட்டையைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

இங்கே கொஞ்சம் உயிரியல். பயப்படாதீங்க, நானும் பன்னிரண்டாம் வகுப்போட பயாலஜியை மூட்டை கட்டின ஆள்தான்.

கொசு கடிக்கும்போது ஊசி மாதிரி மெலிந்த ஸ்போரோசோயிட் என்ற வடிவத்தில் ஒட்டுண்ணி உள்ளே வருது. பெரும்பாலும் சில டஜன்தான். அவை ஈரலுக்குப் போய்ப் பல ஆயிரமாகப் பெருகி, மீரோசோயிட் என்ற உருண்டை வடிவத்தில் ரத்தத்துக்கு வருது. சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்து, அடுத்ததில் புகுந்து. விவாக்ஸுக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர். பழைய ஆட்கள் வெச்ச "முறைக்காய்ச்சல்" என்ற பேர் எவ்வளவு துல்லியம் பாருங்க.

நம்ம உடம்பின் எதிர்ப்பு மண்டலம் ஒட்டுண்ணியை முழுசாகப் பார்ப்பதில்லை. அது தொட்டு உணர்வது வெளியே இருக்கும் புரதங்களைத்தான், அதாவது ஒட்டுண்ணி போட்டிருக்கும் சட்டையை. அந்தச் சட்டைக்குப் பொருந்துகிற மாதிரி ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அதே சட்டை வந்தால் பிடித்துவிடும்.

இந்த ஒட்டுண்ணி ஒவ்வொரு கட்டத்திலும் வேறு சட்டை போடுது. ஸ்போரோசோயிட் மேல் சிஎஸ்பி என்ற புரதம். மீரோசோயிட் மேல் எம்எஸ்பி-1, ஏஎம்ஏ-1 மாதிரியானவை. இது போதாதென்று, ஒரே கட்டத்தின் ஒரே புரதமே ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், ஒரே ஆளின் ரத்தத்துக்குள்ளேயே வேறு வேறு வடிவத்தில் இருக்கு. எம்எஸ்பி-1இன் ஒரு பகுதி ஃபால்சிபாரம் மலேரியாவில் மூன்று குடும்பங்களாகப் பிரியும். அவற்றின் பெயர்கள் கே1, எம்ஏடி20, ஆர்ஓ33. இதில் எம்ஏடி என்றதும் மெட்ராஸ் என்று நினைத்து ஒரு நிமிஷம் குஷியாகிட்டேன். இல்லை, அது பப்புவா நியூ கினியாவின் மடாங்.

ஏன் இவ்வளவு வகை? ஒரு காரணம், இந்த ஒட்டுண்ணிக்குக் கல்யாணம் நடப்பது கொசுவின் வயிற்றில். ஒரு கொசு உறிஞ்சிய ரத்தத்தில் இரண்டு வகை ஒட்டுண்ணி இருந்தால், அவை அங்கே கலந்து, இரண்டின் மரபணுக்களையும் கலைத்துப் போட்ட பிள்ளைகள் பிறக்கும். அவற்றில் எந்தச் சட்டையை மனித உடம்புகள் இன்னும் அடையாளம் கண்டுகொள்ளவில்லையோ அது தப்பித்துப் பரவும். 1950களின் கடைசியில் நெய்வேலிக்கு வேலை தேடி எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டிரங்குப் பெட்டி, படுக்கையோடு தங்கள் ஊர் ஒட்டுண்ணியையும் சிலர் ரத்தத்தில் கொண்டு வந்திருக்கலாம். அணையோ, சுரங்கமோ, துறைமுகமோ, பெரிய வேலை நடக்கும் எந்த இடமும் மனிதர்கள் கலக்கும் இடம் மட்டும் இல்லை.

குன்னூர், 1941

இப்போ பால் ரஸ்ஸல் மறுபடி வர்றார். இடம் நீலகிரி, குன்னூர், 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். நாய்க்கடி ஊசிக்காக நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

அங்கே ரஸ்ஸலும் பி.என். மோகன் என்ற இந்திய ஆய்வாளரும் கோழிகளை வைத்து வேலை செய்தார்கள். கோழிக்கு வரும் மலேரியா, பிளாஸ்மோடியம் கல்லினேசியம். அந்த ஒட்டுண்ணியை 1935இல் பெயரிட்டு விவரித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி பிரம்ப்ட். அவருக்கு அது கிடைத்தது இலங்கைக் கோழியிலிருந்து. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஸ்போரோசோயிட்களை எடுத்து, புற ஊதாக் கதிரைக் காட்டிச் செயலிழக்க வைத்து, கோழிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அப்புறம் உண்மையான மலேரியாக் கொசுவை விட்டுக் கடிக்க வைத்தார்கள். முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, ஓரளவு கிடைத்தது. ஊசி போட்ட கோழியின் சீரத்தை ஸ்போரோசோயிட்களோடு சேர்த்தால் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரண்டன. சீரத்தில் இருந்த ஏதோ ஒன்று ஒட்டுண்ணியின் வெளிப்புறத்தைப் பிடிக்குது என்று அர்த்தம். "மேற்பரப்புப் புரதம்" என்று யாரும் பேசாத காலத்தில், ஒரு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அதன் வேலை மட்டும் தெரிந்தது.

எச்.டபிள்யூ. மல்லிகனோடு சேர்ந்து 1941இலும், ரஸ்ஸலும் மோகனும் மட்டும் 1942இலும் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைகளின் தலைப்பிலேயே ஒரு வார்த்தை இருக்கு: "ஹோமோலோகஸ்". அதாவது, எந்த வகை ஒட்டுண்ணியை ஊசியாகப் போட்டார்களோ அதே வகையை எதிர்த்துத்தான் சோதித்தார்கள். கவனமான விஞ்ஞானிகள் கவனமாகப் போட்ட ஒரு சொல். அவர்கள் சொல்ல வந்தது அதே இனம் என்பதுதான். ஆனால் மலேரியா தடுப்பூசியின் அடுத்த எண்பது வருஷப் பாடு முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கு: அதே வகையாக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதில் எனக்குத் தனிப்பட்ட ஆச்சரியம் வேறு. உலகத்தின் முதல் மலேரியா தடுப்பூசிக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில், நம்ம தமிழ்நாட்டு மலை ஒன்றில், தாத்தா ஊர்க் காய்ச்சலைப் படித்த அதே மனுஷன் நிக்கிறார்.

குரங்கும் அறுபது சட்டையும்

1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குரங்கின் ரத்தத்தில் புது வகை மலேரியா தென்பட்டது. ராபர்ட் நோல்ஸும் பிரஜ் மோகன் தாஸ் குப்தாவும் அது மனிதனுக்கும் தொற்றும் என்று 1932இல் காட்டினார்கள். நோல்ஸின் பெயரிலேயே அது பிளாஸ்மோடியம் நோலசி ஆனது.

முப்பது வருஷம் கழித்து அதே நோலசி இன்னொரு ரகசியத்தைக் காட்டிக் கொடுத்தது. 1965இல் பிரவுன் என்ற ஒரே பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள், நாள்பட்ட நோலசித் தொற்று உள்ள குரங்குகளைக் கவனித்தார்கள். குரங்கின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். முதல் அலையில் எடுத்த சீரம் முதல் அலையின் தொற்றிய சிவப்பணுக்களைத் திரள வைத்தது. ஆனால் அதே குரங்கின் அடுத்த அலையைத் திரள வைக்கவில்லை. புதுக் கொசு எதுவும் கடிக்கவில்லை. உள்ளே இருந்த அதே ஒட்டுண்ணிக் கூட்டம் சட்டையை மாற்றிக்கொண்டது.

எப்படி மாற்றுது என்பது 1995இல்தான் தெளிவானது. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுப்பில் "வார்" என்ற மரபணுக் குடும்பம் இருக்கு. ஒரு ஒட்டுண்ணிக்குச் சுமார் 60. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஆன் செய்யும், மற்றதெல்லாம் ஆஃப். அது உருவாக்கும் புரதம் சிவப்பணுவின் வெளியே நீட்டிக்கொண்டு ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும், மண்ணீரலுக்குப் போய் மாட்டாமல் இருக்க. உடம்பு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் கூட்டத்தில் சிலது அடுத்ததுக்கு மாறியிருக்கும். நம்ம பாஷையில் சொன்னால், கான்ஃபிக் ஃபைலில் 60 தீம், ஒன்று மட்டும் ஆக்டிவ். ஒவ்வொரு ஒட்டுண்ணி வகையிடமும் இருக்கும் அந்த 60ம் வேறு வேறு.

ஆக, இரண்டு தனித்தனி தந்திரம். ஒன்று, ஒரே ஆள் சட்டை மாற்றுவது. இன்னொன்று, ஊரில் ஒவ்வொருத்தரும் வேறு வேறு சட்டை போட்டிருப்பது. வறண்ட பகுதியின் இலங்கைக்காரர் வருஷக்கணக்கில் சேர்த்தது இந்தச் சட்டைகளின் பட்டியலைத்தான் என்பது ஒரு முக்கியமான விளக்கம். பட்டியல் போதிய அளவு நீண்டால் காய்ச்சல் குறையும், ஒட்டுண்ணி மட்டும் ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

என் கேள்விக்குப் பதில்

ஆப்பிரிக்காவில் கொல்லும் ஃபால்சிபாரத்தைப் பற்றித்தான் உலகம் அதிகம் படித்தது. நம்ம சென்னையில் அதிகம் இருப்பது விவாக்ஸ். 1980களில் கொழும்பில் காமினி மெண்டிஸ், எடின்பரோவின் ரிச்சர்ட் கார்ட்டர் ஆகியோரின் குழு இலங்கை நோயாளிகளின் விவாக்ஸ் ஒட்டுண்ணிகளின் மேற்பரப்பை ஆன்டிபாடிகளால் சோதித்தது. ஒரு சின்னத் தீவுக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு.

2010 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜேன் கார்ல்டனும் இந்தியாவின் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து சென்னை, ரூர்கேலா, நதியாட் ஆகிய ஊர்களில் இந்திய மலேரியாவை ஆராய்ந்தார்கள். சென்னையின் கொசு வேறு, அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி. மொட்டை மாடித் தொட்டியும் கிணறும் அதுக்குப் போதும். 2012இல் ஒரு இந்திய வகை உட்படப் பல நாட்டு விவாக்ஸ் ஜீனோம்களை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. அதன்படி விவாக்ஸின் மரபணு வேறுபாடு ஃபால்சிபாரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, என் இரண்டாவது காய்ச்சல் பழையதா புதுசா? விவாக்ஸ் ஈரலில் தூங்கும் வடிவம் ஒன்றை வைத்துவிட்டுப் போகும். வாரங்கள், மாதங்கள் கழித்து எழுந்து வரும். குளோரோகுயின் அதைத் தொடாது, பிரைமாகுயின்தான் தொடும். அதைத்தான் நான் டிராயரில் போட்டேன். அப்போ இரண்டு தடவையும் எடுத்த ரத்தத்தில் மேற்பரப்புப் புரதங்களின் மரபணுவை ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. ஒரே ஆளின் ஈரலில் பல வகை தூங்கலாம். முதல் தடவை ரத்தத்தில் இருந்தது ஒரு வகையாகவும், இரண்டாவது தடவை எழுந்து வருவது வேறு வகையாகவும் இருப்பது சகஜம். வேறு சட்டை என்பதால் வேறு கடி என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் சிரிச்சதில் நியாயம் இருக்கு.

விமான நிலையத்துப் பக்கத்து வீட்டுக் கிருமி

மறுபடி தடுப்பூசிக்கு வருவோம். குன்னூருக்கு 25 வருஷம் கழித்து, 1967இல், நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் கதிர்வீச்சால் பலவீனமாக்கிய ஸ்போரோசோயிட்களை எலிகளுக்குப் போட்டுப் பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டினார். அந்த ஆன்டிபாடிகள் பிடித்தது எதை என்று தேடியபோது கிடைத்ததுதான் சிஎஸ்பி. 1984இல் ஃபால்சிபாரத்தின் சிஎஸ்பி மரபணு கையில் வந்தது. அதிலிருந்து ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி.

தடுப்பூசிக்குள் எந்த வகையின் சிஎஸ்பி? 3டி7 என்ற ஆய்வக வகையுடையது. அதன் மூலம், ஆம்ஸ்டர்டாம் சிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு நோயாளி. விமானத்தில் வந்த கொசு கடித்திருக்க வேண்டும். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான தடுப்பூசி, நெதர்லாந்தில் தரையிறங்கிய ஒரு கொசுவின் சட்டையைப் பார்த்துத் தைத்தது!

2015இல் வெளிவந்த ஆய்வு, தடுப்பூசி போட்டும் நோய் வந்த குழந்தைகளின் ஒட்டுண்ணிகளைப் படித்தது. 5 முதல் 17 மாதக் குழந்தைகளில், முதல் ஒரு வருடத்தில், சிஎஸ்பி பொருந்திய ஒட்டுண்ணிக்கு எதிராக 50 சதவீதப் பாதுகாப்பு. பொருந்தாததற்கு எதிராக 33 சதவீதம். அந்தக் குழந்தைகளின் ஊர்களில் பொருந்தியது மிகச் சிலதான்.

இதைவிடக் கசப்பான கதை மாலி நாட்டில். பாண்டியகாரா என்ற ஒரே ஊரில் 506 தொற்றுகளைப் படித்தபோது ஏஎம்ஏ-1 புரதத்துக்கு 214 வடிவங்கள் கிடைத்தன. அந்தப் புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசியை அங்கே 400 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2011இல் வந்தது. மொத்தத்தில் 17 சதவீதம்தான் பாதுகாப்பு. ஆனால் தடுப்பூசியோடு பொருந்திய வகைக்கு மட்டும் பார்த்தால் 64. தடுப்பூசி வேலை செய்தது. ஒரு சட்டைக்கு மட்டும் வேலை செய்தது. குன்னூர்க் கட்டுரையின் தலைப்பில் இருந்த அதே வார்த்தை.

ஆனாலும் ஆர்டிஎஸ்,எஸ்ஸை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. 2023 அக்டோபரில் இரண்டாவது தடுப்பூசி, ஆர்21. அதைத் தயாரிப்பது புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட். இரண்டுமே சிஎஸ்பியின் நடுவில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதியைப் பெரிதாக நம்புது. அந்தப் பகுதி ஃபால்சிபாரம் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எவ்வளவு சட்டை மாற்றினாலும் பொத்தான் மாறாத மாதிரி. அந்தப் பொத்தானைப் பிடித்துத்தான் இன்று குழந்தைகள் பிழைக்கிறார்கள். இரண்டும் ஃபால்சிபாரத்துக்குத்தான். எனக்கு வந்த விவாக்ஸுக்கு இதுவரைக்கும் பயன்பாட்டில் ஒரு தடுப்பூசியும் இல்லை.

ஏழு என்ற எண்

இப்போ தாத்தாவுக்கு வருவோம். ஏழு தடவை வந்து நின்றது, ரத்தம் பழகினதாலா?

அவருக்குக் கடைசிக் காய்ச்சல் கல்யாணத்துக்கு முந்தின வருஷமாம், அதாவது 1955 வாக்கில். தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கி, வீடு வீடாக டிடிடி அடித்த காலம். சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடி என்று கணக்கிட்ட நோயாளிகள் எண்ணிக்கை 1965 வாக்கில் சுமார் ஒரு லட்சமாக விழுந்தது. பால் ரஸ்ஸல் 1955இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே மலேரியாவை மனிதன் வென்றுவிட்டான் என்கிற தொனியில் இருக்கும். தாத்தாவின் எட்டாவது காய்ச்சலைத் தடுத்தது ரத்தமா, சுவரில் அடித்த மருந்தா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. ஒரே ரிலீஸில் இரண்டு மாற்றம் போட்டுவிட்டு எது பக்கைச் சரி செய்தது என்று கேட்கிற கதைதான்.

வெற்றி நிலைக்கவில்லை. இந்தியாவில் 1976இல் நோயாளிகள் 64 லட்சம். இலங்கையில் 1963இல் வெறும் 17 பேராக இருந்தது, 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. கண்காணிப்பைத் தளர்த்தினால் இப்படித்தான். அதே இலங்கை விடாமல் வேலை பார்த்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. தடுப்பூசி இல்லாமல். ஒட்டுண்ணி எந்தச் சட்டை போட்டிருந்தாலும், காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, கிடைத்தவருக்கு முழு மருந்தும் கொடுத்தால் அது அடுத்த கொசுவுக்குப் போகாது. வேற வழியே இல்லாத, சலிக்காமல் செய்ய வேண்டிய வேலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் தாத்தாகிட்ட சொன்னேன். சட்டைக் கதையை ரசிச்சுக் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "எனக்கு ஏழு தடவை"ன்னு மறுபடி ஆரம்பிச்சார். "என் தங்கச்சி ஒருத்தி இருந்தா, உனக்குத் தெரியாது. வயித்துல கட்டி வந்து வீங்கிப் போச்சு. அவளுக்கு ரெண்டாவது தடவையோட முடிஞ்சுது. மூணு வயசு."

அந்த அத்தைப் பாட்டியைப் பற்றி எங்க வீட்டில் அதுக்கு முன்னாடி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இலங்கையின் வறண்ட பகுதியில் பெரியவர்கள் பிழைத்தார்கள் என்று இப்போ கொஞ்சம் முன்னாடி சொன்னேன் இல்லையா? அந்தப் பட்டியலைச் சேர்க்கும் வயசில் செத்துப்போன குழந்தைகளைச் சொல்லாமல் விட்டுட்டேன். ரத்தம் பழகுறது உண்மைதான். ஆனா பிழைச்சவங்கதான் எத்தனை தடவைன்னு எண்ணிச் சொல்ல முடியும்.

இன்னைக்கு அவ்வளவுதான் மக்களே. காய்ச்சல் குளிரோட வந்தா நாலு நாள் காத்திருக்காதீங்க, ரத்தம் பாருங்க. பிரைமாகுயின் எழுதிக் கொடுத்தா, உங்களுக்கு ஒத்துக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பதினாலு நாளும் முடிங்க. வீட்டில் எண்பது தாண்டினவங்க யாராவது இருந்தா முறைக்காய்ச்சல் கதை கேளுங்க. அவங்களுக்கு எத்தனை தடவைன்னு மட்டும் கேட்காதீங்க, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்னும் கேளுங்க. பதில் கிடைச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.